அமெரிக்காவில் சிறு காயங்களுக்கான மருத்துவச் செலவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணுக்கால் சுளுக்கு ஒன்றுதான்; அதற்கு எடுக்கப்படும் எக்ஸ்ரேயும் போடப்படும் கட்டும் ஒன்றுதான். ஆனாலும் அமெரிக்காவில் அதை ஓர் அர்ஜென்ட் கேர் நிலையத்தில், அதாவது உயிருக்கு ஆபத்தில்லாத காயங்களை முன்பதிவின்றிப் பார்க்கும் சிறு மருத்துவ நிலையத்தில் காட்டினால் பெரும்பாலும் சில நூறு டாலருக்குள் முடிந்துவிடும். மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் காட்டினால் பில் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். காப்பீடு இருப்பவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை, ஏனெனில் ஆண்டு டிடக்டிபிள் தொகை (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டியது) தீரும் வரை பல காப்பீட்டுத் திட்டங்களில் முழுச் செலவும் நோயாளியின் கையிலிருந்தே போகிறது. காயம் பட்ட முதல் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் முடிவும், பில் வந்த முதல் மாதத்தில் செய்யும் காரியங்களுமே செலவைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. தவறுகள் நடப்பதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

முதல் தவறு, எல்லாக் காயத்துக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது. அந்தப் பிரிவில் இரவு பகலாக மருத்துவர்களும் கருவிகளும் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்பதால், மருத்துவர் நம்மைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே இடத்துக்கான கட்டணம் ஒன்று உருவாகிவிடுகிறது. வருகையின் கடுமையை 99281 முதல் 99285 வரையிலான ஐந்து குறியீடுகளில் ஒன்றாகப் பதிவு செய்வார்கள். எண் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். மருத்துவமனை ஒரு பில் அனுப்பும். மருத்துவர் வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தால் அவர் தனியாக ஒன்று அனுப்புவார். எக்ஸ்ரேயைப் படித்துச் சொன்ன கதிரியக்க நிபுணரிடமிருந்து மூன்றாவது பில் வரும். மூன்றும் ஒரே நாளில் வராது என்பதால், முதல் பில்லைக் கட்டியவர் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. செலவுக்குப் பயந்து, போக வேண்டியவர்களும் போகாமல் இருக்கிறார்கள். பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் வலியை மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது மனம் கனத்துப்போகிறது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலும், காயத்துக்குக் கீழே கை கால் மரத்துக் குளிர்ந்து போனாலும், அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலும், தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தாலும், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட விழுந்தாலும், தயங்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். 1986-ஆம் ஆண்டின் எம்டாலா சட்டப்படி, மெடிகேர் என்னும், முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் வந்தவரைப் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். அது இலவசம் என்று பொருளல்ல. பில் பின்னால் வரும். அதேபோல, நெஞ்சு வலி என்று போய்க் கடைசியில் தசைப்பிடிப்பு என்று தெரிந்தாலும், இறுதியில் கண்டறிந்ததை மட்டும் வைத்துக் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுக்கக் கூடாது. சாதாரண அறிவுள்ள ஒருவர் அந்த அறிகுறிகளை அவசரமாகக் கருதியிருப்பாரா என்பதே அளவுகோல்.

இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத குழி ஒன்று இருக்கிறது. டெக்சாஸ், கொலராடோ போன்ற மாநிலங்களில், கடைவீதிகளில் மருத்துவமனைக் கட்டடத்தோடு ஒட்டாத தனி அவசர சிகிச்சை மையங்கள் உள்ளன. வெளித்தோற்றத்தில் அர்ஜென்ட் கேர் நிலையம் போலவே இருக்கும். பில் மட்டும் மருத்துவமனை அவசரப் பிரிவின் விகிதத்தில் வரும். பெயர்ப்பலகையில் 'எமர்ஜென்சி' என்ற சொல் இருந்தால் வாசலிலேயே நின்று, கட்டணம் எமர்ஜென்சி விகிதத்திலா, அர்ஜென்ட் கேர் விகிதத்திலா என்று கேட்டுவிடுங்கள். மருத்துவமனைக்குச் சொந்தமான சில அர்ஜென்ட் கேர் நிலையங்களும் தனியே இடக் கட்டணம் போடுகின்றன என்பதால், அங்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். எங்கே போவது என்றே குழப்பமாக இருந்தால், பல காப்பீட்டு அட்டைகளின் பின்புறத்தில் செவிலியர் ஆலோசனைக்கான தொலைபேசி எண் இருக்கும். அந்த அழைப்புக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஆனால் அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

கேட்கும் கேள்வியிலேயே இன்னொரு தவறு. வரவேற்பறையில் பெரும்பாலோர், 'என் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்கிறார்கள். அதற்கு 'ஆம்' என்ற பதிலின் பொருள், உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு பில் அனுப்புவோம் என்பது மட்டுமே. ஒரே நிறுவனம் பல பிளான்களை விற்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் பட்டியல் வேறு. ஆகவே அட்டையில் உள்ள பிளானின் பெயரைச் சொல்லி, 'இந்த பிளானுக்கு நீங்கள் இன்-நெட்வொர்க்கா?', அதாவது அதன் பட்டியலில் இருக்கிறீர்களா என்று கேட்பதே சரி. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டம், அவசர சிகிச்சையை நெட்வொர்க்குக்கு வெளியே பெற நேர்ந்தாலும் உங்கள் பங்கை இன்-நெட்வொர்க் அளவிலேயே வைக்கிறது. ஆனால் பல அர்ஜென்ட் கேர் நிலையங்கள் அந்தச் சட்டத்தின் காப்புக்குள் வருவதில்லை. சாலை ஆம்புலன்ஸும் அதில் இல்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனிச் சட்டத்தால் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கின்றன.

நோயறிதலுக்கு வருவோம். வலி இருந்தால் படம் எடுத்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் பிசகிய கணுக்கால்களில் பெரும்பாலானவற்றில் எலும்பு முறிவு இருப்பதில்லை. யாருக்கு எக்ஸ்ரே தேவை என்பதைப் பிரித்தறிய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் இரு பக்கத்து எலும்பு முட்டுகளின் நுனியிலோ, அவற்றின் பின் விளிம்பில் கீழ் 6 செ.மீ. பகுதியிலோ அழுத்தினால் வலித்தால், அல்லது அடிபட்ட உடனேயும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியில் வலி இருந்தால், சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடிப்பகுதியையும், உட்புறத்திலுள்ள படகெலும்பையும் அழுத்திப் பார்ப்பார்கள். இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த விதிகளை மருத்துவர்தான் பயன்படுத்த வேண்டும். நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்களிடம் இவற்றை நம்பவும் முடியாது. ஆனாலும், 'ஒட்டாவா விதிப்படி எனக்கு எக்ஸ்ரே தேவைப்படுகிறதா?' என்று கேட்பதில் தவறே இல்லை, நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

எம்ஆர்ஐ விஷயத்தில் விலை வேறுபாடு இன்னும் பெரிது. மருத்துவமனைக்குள் எடுக்கும் அதே படம் தனியார் ஸ்கேன் மையத்தில் பல மடங்கு குறைவான விலையில் கிடைப்பதுண்டு; சீட்டு எழுதிய மருத்துவமனையிலேயே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. பெரும்பாலான பிளான்கள் எம்ஆர்ஐக்கு முன் அனுமதி கேட்கும், அது கிடைத்துவிட்டதை உறுதி செய்யாமல் போகக் கூடாது. நடைக்கான பூட், ஊன்றுகோல், மணிக்கட்டுப் பட்டை ஆகியவற்றையும் கொடுத்த இடத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவர் எந்த வகை, என்ன அளவு என்று எழுதிக் கொடுத்தால், மருந்துக்கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

முறிந்த விரலுக்குக் கட்டு மட்டுமே போட்டிருக்க, காப்பீட்டுத் தாளில் 'அறுவை சிகிச்சை' என்று இருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. எலும்பு முறிவுப் பராமரிப்புக் குறியீடுகள் அமெரிக்க முறையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் வருகின்றன. அவை பொதுவாக 90 நாட்களுக்கான வழக்கமான தொடர் கவனிப்பையும் சேர்த்தே விலையிடப்படுகின்றன. அந்த 90 நாட்களுக்குள் அதே முறிவுக்காக அதே மருத்துவரைப் பார்த்த ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் வந்தால் ஏன் என்று கேளுங்கள். எக்ஸ்ரேவுக்கும் புதிய கட்டுக்கும் தனியே வாங்குவது மட்டும் வழக்கமானதே.

இனி பில். வந்தவுடன் கட்டிவிடுவது நம் நாணயத்தின் அடையாளமாகத் தோன்றலாம், ஆனால் இங்கே அது தவறு. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விளக்கத் தாள், அதாவது இஓபி, வரும் வரை காத்திருக்க வேண்டும். மருத்துவமனை 2,800 டாலர் கேட்டது, நிறுவனம் ஒப்புக்கொண்ட விலை 1,500 டாலர், உங்கள் டிடக்டிபிளில் மீதம் 1,000 டாலர், அதற்கு மேல் உங்கள் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்ட வேண்டியது 1,000 டாலரும், எஞ்சிய 500-இல் 100 டாலரும் சேர்த்து 1,100 மட்டுமே. பில்லில் உள்ள தொகை இதோடு ஒத்துப்போகாவிட்டால், ஒவ்வொரு சேவையும் குறியீட்டோடு பிரித்து எழுதிய விவரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். போடாத ஊசி, எடுக்காத இரண்டாவது எக்ஸ்ரே, செய்ததைவிட உயர்ந்த நிலைக் குறியீடு ஆகியவை அங்கேதான் அகப்படும்.

பலர் குப்பையில் போடும் கடிதம் ஒன்று உண்டு: 'இந்தக் காயம் எப்படி ஏற்பட்டது?' என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டு அனுப்புவது. வேலையிடத்தில் பட்ட காயம் என்றால் செலவு முதலாளியின் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைச் சேரும். வாகன விபத்து என்றால், நியூயார்க், மிஷிகன் போன்ற மாநிலங்களில் பொதுவாக வாகனக் காப்பீடு முதலில் வர வேண்டும். அதை அறிவதற்காகவே கேட்கிறார்கள். வீட்டுச் சமையலறையில் வெட்டிக்கொண்டதுதான் என்றாலும் பதில் எழுதாவிட்டால் கிளெய்ம் நிறுத்தப்பட்டு, முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும்.

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில், விலை குறைவு என்பதற்காக 'ஃபிக்ஸ்டு பெனிஃபிட்' வகையை வாங்கிவிடுகிறார்கள். அதில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வரம்பு எழுதப்பட்டிருக்கும். அவசரப் பிரிவு வருகைக்கு அது தரும் சில நூறு டாலர் உண்மையான பில்லுக்கு அருகில்கூட வராது. வயதான அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. டிடக்டிபிளுக்குப் பிறகு மொத்த வரம்பு வரை பெரும்பகுதியை ஏற்கும் 'காம்ப்ரிஹென்சிவ்' வகைக்குக் கூடுதலாகச் செலவிடுவதே நலம்.

காப்பீடே இல்லாதவர்கள் முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சைக்கு உத்தேச மதிப்பீட்டை எழுத்தில் கேட்க உரிமை உண்டு. இறுதி பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் முறையீடு செய்யலாம். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், முதல் பில் வந்த 240 நாட்கள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். இதைச் செய்யாமல் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டால், பேசிக் குறைத்திருக்கக்கூடிய மருத்துவக் கடன் வட்டியேறும் சாதாரணக் கடனாகிவிடும். காப்பீடு உள்ளவரின் கிளெய்ம் மறுக்கப்பட்டால், மறுப்பு அறிவிப்பு கிடைத்த 180 நாட்களுக்குள் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். அங்கும் மறுத்தால், மருத்துவத் தேவை தொடர்பான விவகாரங்களில் நான்கு மாதங்களுக்குள், நிறுவனத்தைச் சாராத ஆய்வாளர் செய்யும் வெளி ஆய்வைக் கோரலாம். அந்த ஆய்வாளர் உங்கள் பக்கம் முடிவெடுத்தால் காப்பீட்டு நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.