கடலோரப் பாதையில் நடையும் மிதிவண்டியும்

புறப்படுமுன் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் மட்டம் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் இருப்பதால், தாழ் ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பாறைத் தளத்தை அடையும்படி கிளம்புவது நல்லது. மிதிவண்டியில் செல்வோர் போகும்போதே எதிர்காற்றைச் சந்தித்துவிட்டால், திரும்புகையில் களைத்த கால்களுக்குக் காற்றே துணை நிற்கும்.

செங்குத்தான பாறை முகத்தை எட்ட நின்றே பாருங்கள். அடியில் புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால் அங்கே உட்காரவே கூடாது. படிவுப் பாறையில், அடுக்குகள் புரண்டு போகாத வரை, கீழடுக்கே மூத்தது. தேனடை போன்ற குழிகள் பெரும்பாலும் உப்பின் வேலை: பாறைத் துளைகளில் புகுந்த கடல்நீர் உலர உலர, உப்புப் படிகங்கள் வளர்ந்து மணல் துகள்களைப் பெயர்த்துவிடுகின்றன.

பாறைக் குட்டையருகே நிழல் விழாமல் குனிந்து சற்று அசையாதிருந்தால், வெறும் சங்கு என்று நினைத்தது கால் முளைத்து நகரும். அது துறவி நண்டு. புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே மெல்லத் திருப்பி வையுங்கள். மணலில் முட்டையிடும் பறவைகளின் முட்டைகள் கூழாங்கல் நிறத்திலேயே இருக்கும் என்பதால், உயர் ஓதக் கோட்டுக்கு மேலுள்ள மணலில் வண்டியை இறக்காதீர்கள்.

திரும்பியதும் சங்கிலியை நன்னீரில் கழுவித் துடைத்து எண்ணெய் இடுங்கள்.