லெகோ சேகரிப்போடு வீடு மாறுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வீடு மாறும்போது லெகோ கட்டைகள் உடைந்துவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் அவ்வளவாகத் தேவையில்லை. கட்டைகள் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனவை. 1958-இல் வந்த கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்துகிறது. உண்மையில் பறிபோவது, வருடக்கணக்கில் உட்கார்ந்து பிரித்துவைத்த ஒழுங்குதான். அதைக் காப்பாற்றும் விதத்தில் மூட்டை கட்டுங்கள்.

இடம் மிச்சமாகும் என்று எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டுவது பெரிய தவறு. சாம்பல் நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 வாக்கில் லெகோ அந்த நிறத்தைச் சற்று நீலம் கலந்ததாக மாற்றியது. பழைய சாம்பலும் புதிய சாம்பலும் கலந்துவிட்டால், இரவு விளக்கில் பிரிக்கவே முடியாது. கட்டி முடிக்கும்போதுதான் சுவரில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒவ்வொரு செட்டுக்கும் தனி ஜிப் பை போடுங்கள். செட் எண்ணைத் தாளில் எழுதிப் பைக்குள்ளே வையுங்கள். பையின் மேல் எழுதினால் வியர்வைக் கை பட்டு அழிந்துவிடும். கையேடு தொலைந்தாலும் பரவாயில்லை, பெரும்பாலான செட்டுகளுக்கு லெகோ இணையத்தளத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் எண் தெரியாவிட்டால் தேடி அலைய வேண்டியதுதான்.

கட்டி வைத்த மாடல்களை அப்படியே லோரிக்காரர்களிடம் கொடுக்காதீர்கள். அதற்காக முழுதாகப் பிரித்துப்போடவும் வேண்டாம். 2007 முதல் வருகிற மாடிக் கட்டடங்களில் ஒவ்வொரு மாடியும் தனியாகக் கழன்று வரும். கூரை ஒரு பை, மாடிக்கு ஒரு பை என்று வைத்தால் போதும். 2021-இல் வந்த டைட்டானிக், 9,090 துண்டுகள், கிட்டத்தட்ட 135 சென்டிமீட்டர் நீளம். அதுவும் மூன்று பகுதிகளாகப் பிரியும். கழற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பழைய செட்டுகளின் செம்பழுப்புத் துண்டுகளை மட்டும் இழுத்துக் கழற்ற வேண்டாம். அவை நொறுங்குவதில் பேர்போனவை, ஒட்டியிருப்பது ஒட்டியிருக்கட்டும். டேப்பை மாடலின் மேல் நேரடியாக ஒட்டாதீர்கள், நம் ஊர் வெயிலில் பசை இளகிக் கட்டையிலேயே தங்கிவிடும். சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

எடையையும் பார்க்க வேண்டும். எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் 5,000 கட்டை சேர்ந்தால் 11 கிலோவைத் தாண்டும். பெரிய தொட்டியை நிரப்பினால் தூக்கும்போது கைப்பிடியே பிய்ந்துவிடும். அலுவலகங்களில் மிஞ்சும் ஏ4 தாள் பெட்டி இதற்கு அருமையானது. ஐந்து கட்டுத் தாள், அதாவது பன்னிரண்டரை கிலோவைத் தாங்கத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்.

அப்புறம், நாள் விஷயம். நாம் நல்ல நேரம் பார்த்துத்தான் பால் காய்ச்சுவோம். கோலாலம்பூர் கொண்டோக்களிலோ லிஃப்டுக்கு முன்பே பதிய வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், சாமான் ஏற்றக் குறித்த நேரம்தான் தருவார்கள். இரண்டையும் ஒத்துப்போக வைப்பதற்குள்ளேயே அந்த நாள் ஓடிவிடும். அன்றைக்கு லெகோவையும் சேர்த்து ஏற்றாதீர்கள். சாவி கைக்கு வந்ததும் சொந்தக் காரில் சிறுகச் சிறுகக் கொண்டுபோய், புது வீட்டில் ஓர் அறையில் வைத்துப் பூட்டுங்கள். பால் காய்ச்ச வரும் உறவினர்களின் பிள்ளைகள் பையைப் பார்த்தால் திறக்காமல் இருப்பார்களா? அது அவர்கள் தப்பும் இல்லை. சின்னக் குழந்தைகள் துண்டுகளை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

செந்தூலிலிருந்து செராஸ் போகும் அரைமணி நேரப் பயணம்தானே என்று மழையை மறந்துவிடாதீர்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி மழை பிடித்தால் அட்டைப்பெட்டி ஊறிப்போகும். கட்டைக்கு ஒன்றும் ஆகாது, கழுவிக் காயவைக்கலாம். கையேடுகள்தான் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு பூசணம் பிடிக்கும். அவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் எதையும் விட்டுவைக்காதீர்கள், குறிப்பாக மெல்லிய அடித்தட்டுகளை. அவை சாய்ந்து நின்றால் வளைந்துவிடும், படுக்கையாகத்தான் அடுக்க வேண்டும். மோட்டார் உள்ள செட்டுகளில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பெட்டி மாதக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தால், பேட்டரி கசிந்து உள்ளே அரித்துவிடும்.

புது வீட்டில் அலமாரியை எங்கே வைப்பது என்பதைச் சாமான் வருமுன்பே முடிவு செய்யுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாலை வெயில் நேராக விழும். வெள்ளைக் கட்டைகளும் சாம்பல் கட்டைகளும் அங்கே மஞ்சளித்துவிடும். தட்டுகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். அலமாரி நின்று, தட்டுகள் தயாரான பிறகு பைகளைத் திறந்தால் போதும்.