நிறுத்தி வைத்த காருக்கு சார்ஜர் வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் பொங்கலுக்கு மதுரைக்கு வருவார்கள். பத்து நாள் காரை ஓட்டிவிட்டு, போர்டிகோவில் நிறுத்திக் கவர் போட்டு மூடிவிட்டு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிவிடுவார்கள். அடுத்து வருவது அழகர் ஆற்றில் இறங்கும்போது. அந்தச் சித்திரைத் திருவிழா வாரம் முழுக்க எனக்கு ஒரே மாதிரி போன்தான்: “அண்ணே, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது.” சில வருடங்களாக அதோடு இன்னொரு வரியும் சேர்ந்துகொண்டது: “சார்ஜர் போட்டுத்தாண்ணே வெச்சிருந்தோம்.”

சார்ஜர் போடாமல் பேட்டரி இறங்கினால் அது இயற்கை. காசு கொடுத்து வாங்கிய சார்ஜரே பேட்டரியைக் கொன்றால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பிளஸ் மைனஸை மாற்றி மாட்டாதீர்கள், ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், அதற்குள் போகவில்லை.

வாரம் பத்து நிமிடம் ஓடவிட்டால் சார்ஜரே வேண்டாம் என்பது

பூட்டி நிற்கும் காரும் கரண்ட் குடிக்கும். அலாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை ஓடிக்கொண்டே இருக்கும். 30 என்று வையுங்கள். ஒரு வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி), ஒரு மாதத்துக்கு 21க்கு மேல். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் காலி.

அப்பா வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார். ஐடிலில் ஓடும்போது பேட்டரிக்குள் பத்து ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், பத்து நிமிடத்தில் ஏறுவது 2 ஆம்பியர்-மணிகூட இல்லை. போவது ஐந்து, வருவது இரண்டு. கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சரியாகச் சூடேறாமல் நிறுத்துவதால் சைலன்சருக்குள் தண்ணீர் தேங்குவது தனிக்கதை. ஓட்டுவதானால் அரை மணி, முக்கால் மணி நேரம் ரிங் ரோட்டில் நிஜமாகவே ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஏற்றுகிற சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டிவைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான்.

பேட்டரிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள்: இரும்புப் பெட்டி, உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர், முகப்பில் முள் ஆடும் ஆம்பியர் மீட்டர், பக்கத்தில் ஒரு திருகு. அதன் சின்ன வடிவம் இப்போது வீட்டுக்கும் விற்பனைக்கு வருகிறது. பெட்டியில் ‘டிரிக்கிள் சார்ஜர்’ என்று எழுதியிருக்கும். சொட்டுச் சொட்டாகத்தானே ஏறுகிறது, மாட்டிவிட்டால் பேட்டரி எப்போதும் நிறைந்தே இருக்கும் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். விற்பவரும் தலையாட்டுகிறார்.

பேட்டரி நிறைந்துவிட்டது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதற்குள் அதைக் கண்டுபிடிக்கும் பாகமே இல்லை. நிறைந்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், போகிற கரண்ட் பேட்டரியில் இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். இது மின்வேதியியல் கணக்கு, தப்பிக்க வழியில்லை: ஓர் ஆம்பியர்-மணி அதிகமாகப் போனால் ஒரு செல்லில் சுமார் 0.34 கிராம் தண்ணீர் போகும். ஓர் ஆம்பியர் வீதம் ஒரு நாள் முழுக்கப் போனால் செல்லுக்கு 8 மில்லி, ஆறு செல்லுக்கும் சேர்த்து 48 மில்லி. ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே இரண்டரை, மூன்று லிட்டர் ஆசிட்தான் இருக்கும்.

திருநகரில் ஒரு வீடு. பையன் சிங்கப்பூரில் வேலை. போகும்போது இப்படி ஒரு பெட்டியை வாங்கி மாட்டி, “அப்பா, சுவிட்சை மட்டும் அணைச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெரியவர் சொன்ன சொல் தவறாதவர். மூன்று மாதம் அணைக்கவே இல்லை. நான் போனபோது அவர் மீட்டரைக் காட்டினார்: “முள்ளு எப்பவும் ஒண்ணுலயே நின்னுச்சு தம்பி. நல்லாத்தான் ஏறுதுன்னு இருந்தேன்.” பானட்டைத் திறந்தால் மூக்கில் ஆசிட் நெடி. பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் வீங்கியிருந்தது, தகடுகள் காய்ந்து கிடந்தன. மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்பதால் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் வழியில்லை.

பேட்டரியோடு நின்றிருந்தால் நாலைந்தாயிரத்தில் முடிந்திருக்கும். ஆசிட் ஆவி பானட்டின் அடிப்பக்க பெயிண்ட்டை உரித்திருந்தது. பேட்டரி உட்காரும் தட்டு துருப்பிடித்து விரலால் குத்தினால் உதிர்ந்தது. எர்த் கேபிள் பச்சையாகப் பூத்து, பக்கத்தில் போகும் வயரிங்கின் கனெக்டர் பின்களும் அரித்துப்போயிருந்தன. ஒவ்வொரு பின்னாகப் பார்த்து மாற்ற வேண்டியிருந்தது. கிலோமீட்டர் அதிகம் ஓடாத நல்ல கார் அது. ஒரு கெடுதலும் நினைக்காத ஒரு பெரியவரின் கவனத்தாலேயே அது கெட்டது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெட்டியை விற்றவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: “ஏத்திட்டுக் கழட்டுவீங்களா, மாட்டியே வெப்பீங்களா?”

மாட்டியே வைப்பது என்றால் உங்களுக்கு வேண்டியது மெயின்டெய்னர், அல்லது ஃப்ளோட் நிலை உள்ள ஸ்மார்ட் சார்ஜர். அது முதலில் 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றும். பேட்டரி வாங்கும் கரண்ட் குறைந்ததும் தானாக 13.5, 13.6க்கு இறங்கி அங்கேயே காத்திருக்கும், அதுதான் ஃப்ளோட். வேறு சில, ஏற்றி முடித்ததும் முழுக்க நின்றுவிட்டு, பேட்டரி 12.7 அருகே இறங்கினால் மறுபடி எழுந்துகொள்ளும். இரண்டும் நல்ல முறைகளே. பெட்டியின் முகப்பில் இருக்கும் விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் ஃப்ளோட் வோல்டேஜ் என்றோ மறுபடி ஏற்றத் தொடங்கும் வோல்டேஜ் என்றோ ஓர் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எண் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். ‘ஆட்டோ கட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. சிலவற்றில் கட் ஆனால் கட் ஆனதுதான், மறுபடி யாராவது போட்டுவிட வேண்டும்.

வீட்டில் சரிபார்ப்பது சுலபம். மாட்டி ஒரு நாள் கழித்து, சார்ஜர் ஓடும்போதே மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். 12.7க்கும் 13.8க்கும் நடுவில் காட்டினால் நிம்மதியாக விமானம் ஏறலாம். நிறைந்த பேட்டரியில் அடுத்த நாளும் 14.2க்கு மேலேயே நின்றால் கழற்றிவிடுங்கள். இரவில் லைன் வோல்டேஜ் ஏறும் தெருக்களில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி இன்னும் மோசம். உள்ளே வரும் வோல்டேஜ் கூடினால் வெளியே போவதும் அப்படியே கூடும்.

பழைய பெட்டி ஏற்கனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். மாதம் ஒருமுறை, ஆள் வீட்டில் இருக்கும் ஒரு பகல்பொழுதில் மாட்டி ஏற்றி, சாயங்காலம் கழற்றிவிடட்டும்.

மதுரை வெயிலை மறந்துவிடுவது

மேலே சொன்ன 13.6 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. சூடு கூடக் கூட ஃப்ளோட் வோல்டேஜ் குறைய வேண்டும், டிகிரிக்குச் சுமார் 20 மில்லிவோல்ட். கத்திரி வெயிலில் நம் போர்டிகோ நிழலிலேயே பேட்டரி 40ஐத் தொடும். அப்போது அதற்குத் தேவை 13.3. வெப்பத்துக்கு ஏற்றபடி தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கொஞ்சம் விலை கூடுதல். நம் ஊருக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம். வாங்கினால் அதன் வெப்ப சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிளிப் பக்கத்து வயரில் இருந்தால் நல்லது. பெட்டிக்குள் இருந்தால் பெட்டியும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏசி ரூமுக்குள் பெட்டியை வைத்து ஜன்னல் வழியாக வயரை நீட்டினால், பேட்டரியும் குளிராக இருப்பதாக நினைத்து அது வோல்டேஜை ஏற்றிவிடும்.

ஐஸ் படம் போட்ட பொத்தான்

சில சார்ஜர்களில் இருக்கும் இதை வெயிலுக்கு நல்லது என்று நினைத்து அமுக்குகிறார்கள். அது குளிர் நாட்டுக்கு, 14.7 வோல்ட் வரை போகும். சில மாடல்களில் ஏஜிஎம் பேட்டரிக்கும் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சிவைத்திருக்கும் வகை) அதே பொத்தான்தான். சாதாரண பேட்டரிக்கு இங்கே தொடவே வேண்டாம்.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று கேட்காமல் வாங்குவது

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. கோடை மழைக்கு இடி இடித்தால் கொஞ்ச நேரம் போகும். நல்ல விலை கொடுத்து வாங்கிய எலக்ட்ரானிக் சார்ஜர்களிலேயே சில, கரண்ட் போய்த் திரும்பியதும் மோடை மறந்துவிட்டு ஸ்டாண்ட்பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது வந்து பொத்தானை அமுக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லை. லைட் மட்டும் எரிந்துகொண்டிருக்கும், ஒரு ஆம்பியர்கூட ஏறாது.

மேலூர் பக்கம் ஒரு தம்பியின் காரில் இதுதான் நடந்தது. “லைட் எரியுதேண்ணே, அப்புறம் எப்படி இறங்கும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேட்டரி 9 வோல்ட்டில் கிடந்தது. ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே கரண்ட் போய் வந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு அந்தப் பெட்டி வேலையே செய்யவில்லை. இப்படி வாரக்கணக்கில் இறங்கிக் கிடந்தால் தகட்டில் படியும் சல்பேட் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் சார்ஜ் நிற்காது.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். அவர்களிடம் இருக்கும் ஒரு பேட்டரியில் மாட்டி, மோடைப் போட்டு, சார்ஜ் ஆகத் தொடங்கியதும் பிளக் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். தானாகத் தொடர்ந்தால் வாங்கலாம். கடைக்காரர் செய்துகாட்டத் தயங்கினால் அடுத்த கடை.

ஆம்பியர் கூடினால் நல்லது என்பது

நிறைந்த பேட்டரியைக் காத்துவைக்க ஓர் ஆம்பியர் தாராளம். இறங்கிய பேட்டரியை ஏற்றவும் அதே பெட்டி வேண்டுமென்றால், பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு: 35க்கு 3.5 அல்லது 4, டீசல் வண்டியின் 65க்கு 6 அல்லது 7. ஒரு ஆம்பியர் பெட்டியை வாங்கிவைத்துக்கொண்டு, படுத்துவிட்ட டீசல் பேட்டரி காலைக்குள் ஏறவில்லையே என்று கோபப்படுபவர்கள் உண்டு. அதற்கு மூன்று நாளாவது ஆகும்.

சிசிடிவி அடாப்டர்

12 வோல்ட் அடாப்டரால் சார்ஜ் ஏறாது. நிறைந்த பேட்டரியே 12.6.

ரிப்பேர் மோடை காரிலேயே போடுவது

படுத்துவிட்ட பேட்டரியை மீட்கச் சில சார்ஜர்களில் இருக்கும் மோடு இது, 15 வோல்ட்டைத் தாண்டிப் போகும். போட வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் போடுங்கள். காரின் கம்ப்யூட்டர் அதோடு இணைந்திருக்கக் கூடாது.

மைனஸ் கிளிப்பைக் கண்ட இடத்தில் மாட்டுவது

சிக்னலில் தானாக அணைந்து எழும் கார்களில் மைனஸ் முனையின் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். சார்ஜரின் மைனஸை நேரே முனையில் மாட்டினால், ஏறும் சார்ஜ் சென்சாரின் கணக்கில் சேராது. பேட்டரி நிறைந்திருந்தும் இறங்கியிருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். மேனுவலில் காட்டியிருக்கும் பாடி எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். இந்த வகைக் கார்களில் பேட்டரி ஏஜிஎம்மா, இஎஃப்பியா (சாதாரண பேட்டரியின் வலுவூட்டிய வகை) என்று மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, அதற்கேற்ற மோடு உள்ள சார்ஜரை வாங்க வேண்டும். மைல்டு ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு லித்தியம் பேட்டரியும் இருக்கும். அதில் எந்தச் சார்ஜரையும் மாட்டாதீர்கள்.

செத்த பேட்டரிக்கு சார்ஜர் வாங்குவது

முதலில் லோடு டெஸ்ட் (பாரம் கொடுத்தால் வோல்டேஜ் தாங்குகிறதா என்ற சோதனை) போட்டுப் பாருங்கள். நாலைந்து வருடம் ஓடிய பேட்டரி அதில் தோற்றால், அந்தக் காசை புது பேட்டரியில் போடுங்கள்.

பிளக் பாயிண்ட் இல்லாத இடத்துக்கு சார்ஜர் வாங்குவது

கே.கே.நகர் அபார்ட்மென்ட் ஒன்றில் கீழ்த்தளத்து பார்க்கிங்கிற்கு இரண்டாம் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இறக்கி, மழையில் நனையவிட்டிருந்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள். டாஷ்போர்டில் வைக்கும் சின்ன சோலார் தகடும் உதவாது. காரோ கவருக்குள் இருக்கிறது, சிகரெட் லைட்டர் சாக்கெட்டோ பல கார்களில் சாவியை எடுத்ததும் துண்டாகிவிடுகிறது.

இந்த வீடுகளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர்தான் சரி. பேட்டரியை முழுக்க ஏற்றிவிட்டு மைனஸ் கேபிளைக் கழற்றி, முனையில் படாதபடி துணி சுற்றி ஒதுக்கிவையுங்கள். அதற்கு முன் டிக்கியையும் கதவுகளையும் சாவி போட்டுத் திறக்க முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ரிமோட் வேலை செய்யாது. திரும்ப மாட்டும்போது கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், பவர் விண்டோவின் ஆட்டோ நிலையைப் பழக்க வேண்டியிருக்கும். கேபிளைக் கழற்றினாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் இறங்கும், நம் சூட்டில் இன்னும் வேகமாக. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், காற்றோட்டமான இடத்தில் வைத்து 4 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜரில் ஓர் இரவு போட்டுவிட்டால் போதும்.