படித்தது மறக்காமல் இருக்க, புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

நான்கு முறை படித்த பாடம் தேர்வறையில் வரவில்லை என்றால் பழி உடனே மூளையின் மேல் விழும். ஞாபகசக்தி போதாது என்று வல்லாரை மாத்திரை வாங்குவார்கள். மூளையில் 10 சதவீதம்தான் வேலை செய்கிறது, மீதியைத் தட்டி எழுப்புகிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவார்கள். அப்படித் தூங்கிக் கிடக்கும் 90 சதவீதம் எதுவும் இல்லை. மூளையின் எடை சுமார் 1.4 கிலோ, அதாவது உடல் எடையில் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு தீனி போடாது. கோளாறு பெரும்பாலும் படிக்கும் முறையில்தான்.

இரண்டாம் முறை படிக்கும்போது வரிகள் பழகிய முகம்போலத் தெரியும். அந்தப் பழக்கத்தையே "தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறோம். தெருவில் ஒருவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது அல்லவா? தேர்வு கேட்பது அந்தப் பெயரை.

ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகவே தெரிந்தது. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு அமர்வுகளிலும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் படித்தது. அடுத்த மூன்றிலும் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்தோ படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னவர்கள் படித்த குழுவினர் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எழுதிப் பார்க்கும் முறை

இரண்டு அல்லது மூன்று பக்கம் மட்டும் எடுத்து, 15 நிமிடம் புரிந்து படியுங்கள். புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் 10 நிமிடம் எழுதுங்கள். வரிசையும் அழகும் முக்கியமில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறாக எழுதியதையும் சிவப்பு மையில் சேருங்கள். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் தவறான விடையே மனதில் ஊன்றிவிடும்.

பலரும் சறுக்குவது ஓரிடத்தில்தான்: தடுமாறியதும் புத்தகத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஒரு நிமிடமாவது பொறுங்கள். உள்ளே இருப்பதைத் தேடி எடுக்கும் அந்த உழைப்புதான் நினைவை உறுதியாக்குகிறது. முதல் நாள் தாளில் பாதி வெற்றாக இருந்தால் பயப்பட வேண்டாம், எதைப் படிக்க வேண்டும் என்று அந்த வெற்றிடமே காட்டிவிடுகிறது.

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்ததும் இந்த வகைதான், அதில் பலன் இருந்தது. ஆனால் ஒரே வரிசையில் உருப்போட்டதன் நடுவில் ஒரு வரியைக் கேட்டால், முதல் வரியிலிருந்து ஓடி வந்தால்தான் அகப்படும். அதனால் கேள்விகளைக் கலைத்துக் கேட்டுப் பழகுங்கள்.

அட்டைப் பெட்டி

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் பரப்பிய முறை இது. அஞ்சலட்டையில் பாதி அளவுக்கு அட்டைகள் வெட்டி, ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையும் எழுதுங்கள். ஒரு பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறையை தினமும், அடுத்தடுத்த அறைகளை 2, 4, 8, 16 நாளுக்கு ஒருமுறையும் எடுத்துக் கேளுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து புது அட்டைகள் போதும். அதற்கு மேல் போனால் இரண்டே வாரத்தில் முதல் அறை நிரம்பி, பெட்டியைத் தொடவே மனம் வராது.

ஓர் அட்டையில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். "இதயத்தின் அமைப்பை விளக்குக" என்று எழுதினால் பாதி சரியான விடையை எந்த அறையில் போடுவது? "நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் எந்த அறையில் சேர்கிறது?" என்று கேளுங்கள். விடை: இடது ஆரிக்கிள். திருப்பிப் பார்ப்பதற்கு முன் விடையை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனதுக்குள் "தெரியும்" என்று நகர்ந்தால் பழைய ஏமாற்றமே திரும்பும்.

ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று முறை படிப்பதைவிட நாள் விட்டுப் படிப்பது மேல். எவ்வளவு இடைவெளி என்பது தேர்வு எப்போது என்பதைப் பொறுத்தது. செபெடா என்ற உளவியலாளரும் குழுவினரும் 2008-இல் பார்த்தபடி, இரண்டாம் படிப்புக்கு 7 நாள் கழித்துச் சோதனை என்றால் முதல் படிப்புக்கும் இரண்டாவதற்கும் 1 நாள் இடைவெளி நல்ல பலன் தந்தது. 35 நாள் கழித்து என்றால் சுமார் 11 நாள், 70 நாள் என்றால் சுமார் 21 நாள்.

பணம் கட்டும் முன்

நடுமூளையைத் தட்டி எழுப்புவதாகச் சொல்லும் "மிட்பிரெயின் ஆக்டிவேஷன்" வகுப்புகளில் குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு படித்துக் காட்டும். நடுமூளை பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது முடங்கினால் குழந்தை விழித்தே இருக்காது. குழந்தை பார்ப்பது மூக்கோரத்து இடுக்கு வழியாக. நீச்சல் கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டி, இடுக்கில்லாமல் மாட்டிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலே புத்தகத்தைப் பிடித்தும் கேட்டுப் பாருங்கள். இந்த ஏமாற்று வேலைக்குக் குழந்தையைத் திட்ட வேண்டாம். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது செய்கிறது.

பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் வேண்டாம். அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் மதிப்பெண் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. வரைபடத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், உச்சரிப்பைக் கேட்டுத்தான் படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும்.

தேர்வுக்கு முந்தைய இரவு

பகலில் படித்ததை ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதலில் பிடித்து வைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் படித்தது மீண்டும் ஓடி, மூளையின் மேலுறையில் நிலைபெறுகிறது. இரவு முழுக்க விழித்தால் கெடுவது இந்த வேலைதான். புதுப் பாடம் எதையும் எடுக்காமல் இரவு பத்து மணிக்குள் படுத்துவிடுங்கள். காலையில் பெட்டியின் முதல் அறையில் மிஞ்சியிருக்கும் அட்டைகளை மட்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.