ஆல்-சீசன் டயர்: விலையையும் மைலையும் மட்டும் பார்த்து வாங்குவதில் நேரும் தவறுகள்

அமெரிக்காவில் காருக்கு ஆல்-சீசன் டயர், அதாவது ஆண்டு முழுதும் ஓட்டும் டயர், மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள்: டயர் என்ன விலை, எத்தனை ஆயிரம் மைல் ஓடும்? இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் கிடைக்கும் விடைகளை அப்படியே நம்பிவிட்டால், மலிவு என்று வாங்கியது செலவாக முடியலாம். நீடித்து உழைக்கும் என்று வாங்கியது மழையில் உரிய தூரத்தில் நிற்காமல் போகலாம்.

முதல் தவறு, டயரின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்பதை அடுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும் 500, 700 போன்ற எண்களை ஆயுள் கணக்காகவே எடுத்துக்கொள்வது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆஞ்சலோ நகரை ஒட்டிய 400 மைல் சாலைச் சுற்றில், சோதனைக்குரிய டயரை ஒப்பீட்டு டயருடன் சேர்த்து 7,200 மைல் ஓட்டி, இரண்டின் தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பெறும் மதிப்பீடு அது. முறையை வகுத்தது அரசு என்றாலும், சோதித்து எண்ணை இடுவது டயர் நிறுவனமே. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அந்த எண் ஓரளவு உதவும். ஒரு நிறுவனத்தின் 700ஐ இன்னொன்றின் 600உடன் ஒப்பிட்டு முடிவெடுப்பது சரியாகாது. அதனருகே ‘ட்ராக்‌ஷன்’ என்பதற்கு இடப்பட்டிருக்கும் ஏஏ, ஏ, பி, சி என்ற தர எழுத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. ஈரமான சாலையில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிமானத்தை மட்டுமே அது காட்டுகிறது என்றாலும், பி தர டயரை நீண்ட ஆயுளுக்காக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மைலேஜ் வாரண்டியில் இதைவிடப் பெரிய குழப்பம் இருக்கிறது. 80,000 மைல் வாரண்டி உள்ள டயர் 60,000 மைலிலேயே தேய்ந்துவிட்டால் புது டயர் இலவசமாகக் கிடைக்காது. ஓடாத கால் பங்குக்கு ஈடான தொகை மட்டும் அடுத்த டயரின் விலையில் கழிக்கப்படும். அதற்கும் டயர்களை உரிய இடைவெளியில் இடம் மாற்றிப் பூட்டியதற்கான ரசீதுகள் வேண்டும். தேய்மானம் சீராகவும் இருக்க வேண்டும். பொதுவாக, ட்ரெட்டின் (சாலையைத் தொடும் வரிப்பகுதியின்) ஆழம் ஓர் அங்குலத்தில் 32இல் 2 பங்காகக் குறைந்த பிறகே கோர முடியும். ஆனால் 32இல் 4 பங்குக்குக் கீழே போனாலே மழைநீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. புது டயரின் ஆழம் 32இல் 10 பங்கு என்றால், வாரண்டி கணக்கிடுவது 2 வரை தேயும் 8 பங்கை; 4இலேயே மாற்றிவிடும் கவனமான ஓட்டுநருக்குப் பயன்படுவது 6 பங்கே. அந்தக் கணக்கில் 80,000 மைல் என்பது சுமார் 60,000 மைல்தான்.

விலையை ஒப்பிடும்போது பூட்டுதல், பேலன்சிங், பழைய டயரை அப்புறப்படுத்தும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி மைலால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எல்லாம் சேர்த்து 130 டாலர் ஆகும் டயர் 40,000 மைல் ஓடினால் மைலுக்கு 0.325 சென்ட்; 170 டாலர் டயர் 60,000 மைல் ஓடினால் சுமார் 0.28 சென்ட். ஆனால் ஆண்டுக்கு 6,000 மைல் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆறு ஆண்டுகளானால் டயரை மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் பல. அதற்குள் அவர் ஓட்டியிருப்பது 36,000 மைல்தான். அத்தகையவர் கூடுதல் ஆயுளுக்குக் கொடுக்கும் பணத்தை ஈரச்சாலைப் பிடிமானத்துக்குக் கொடுப்பது மேல். தள்ளுபடி விலையில் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள ‘டாட்’ (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

டாலஸிலோ ஹூஸ்டனிலோ ஓடும் காருக்குப் போதுமான டயர் மினியாபொலிஸின் சனவரிக்குப் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘எம் பிளஸ் எஸ்’ (M+S, சேறும் பனியும்) என்ற குறி ட்ரெட்டின் அமைப்பை வைத்து இடப்படுவது. அதற்குப் பனிச்சோதனை தேவையில்லை. மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம்தான் பனியில் சோதித்துத் தரப்படுவது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டம் கேட்பதும் இதைத்தான். ஆனால் அந்தச் சோதனையும் உறைபனிக்கட்டியில் நிற்கும் திறனை அளப்பதில்லை. பனிக்காலம் நீளும் ஊர்களில் தனிப் பனிக்கால டயர்களே பாதுகாப்பானவை.

பணத்தை மிச்சப்படுத்த, காருக்குக் குறிக்கப்பட்டதைவிடக் குறைந்த சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) உள்ள டயரை வாங்கவே கூடாது. இரண்டு டயர்களை மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்சக்கரங்களில் பூட்ட வேண்டும். எஞ்சின் முன்சக்கரங்களை இயக்கும் காருக்கும் இது பொருந்தும். எஞ்சின் நான்கு சக்கரங்களையும் இயக்கும் காராக இருந்தால் நான்கின் ட்ரெட் ஆழமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டின்படி வைக்க வேண்டும். டயரின் மேல் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. எச்சரிக்கை விளக்கு எரியும் என்று காத்திருப்பதும் தவறு. அழுத்தம் கால் பங்கு குறைந்தால் அது எரிந்தாக வேண்டும் என்பதே விதி; 35 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 26க்கு இறங்கும்வரை அது எரியாமலே இருக்கலாம்.

பழைய டயரைக் கழற்றும்போது அதன் தேய்மானத்தைக் கடைக்காரரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக இருந்திருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் மிகுதியாக இருந்திருக்கிறது. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டை (சக்கரங்களின் கோணத்தை) சோதித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல டயரைப் பூட்டினாலும் அதே ஓரம் அதே வேகத்தில் தேயும். அப்படித் தேய்ந்த டயருக்கு வாரண்டியும் கிடைக்காது.