லீவர் ஹார்ப்: ஷார்ப்பை எண்ணி லீவரைத் தூக்காதீர்கள்

நோட்டேஷனில் ஒரே ஒரு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றச் சொல்லும் குறி). அப்படியென்றால் ஜி மேஜர், எஃப் லீவரை, அதாவது எஃப் தந்தியின் மேல்முனையில் உள்ள சிறு நெம்புகோலை, தூக்கினால் போதும். புதிதாகக் கற்பவர்கள் இப்படிக் கணக்குப் போட்டு வாசிக்கத் தொடங்குவார்கள்; பாட்டு அபஸ்வரமாகக் கேட்கும். தவறு விரலில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

லீவரைத் தூக்கினால் அந்தத் தந்தி அரை ஸ்வரம் ஏறும், அவ்வளவுதான். எங்கிருந்து ஏறுகிறது என்பதை ட்யூனிங்தான் சொல்லும். எல்லா லீவரும் கீழே இருக்கையில் ஹார்ப் சி மேஜரில் இருந்தால் மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் லீவர் ஹார்ப்பைப் பொதுவாக ஈ ஃப்ளாட் மேஜரில் ட்யூன் செய்வார்கள். அதில் பி, ஈ, ஏ மூன்றும் ஃப்ளாட்டாக, அதாவது அரை ஸ்வரம் இறங்கி, நிற்கும். ஜி மேஜருக்கு ஏ, ஈ, பி, எஃப் என நான்கு ஸ்வரங்களின் லீவர்களையும் தூக்க வேண்டும்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள்: ஏ, ஈ, பி, எஃப், சி, ஜி, டி. ஒவ்வொன்றாகத் தூக்கத் தூக்க பி ஃப்ளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ என்று மேஜர் ஸ்கேல்கள் வரும். தொடங்கிய இடத்தையும் சேர்த்தால் 8. இத்தனை ஸ்கேல் கிடைப்பதற்காகத்தான் ஈ ஃப்ளாட் ட்யூனிங்.

ட்யூன் செய்யும்போது லீவர் எல்லாம் கீழே இருக்க வேண்டும். ட்யூனர் ஆப்பையும் கவனியுங்கள். பல ஆப்கள் பி ஃப்ளாட்டை 'ஏ ஷார்ப்' என்றே காட்டும். அதைப் பார்த்து ஏ தந்தியை முறுக்க ஆரம்பித்தால் தந்தி அறுந்துபோகலாம். முறுக்க வேண்டியது பி தந்தியை. சிவப்புத் தந்தி சி. அதற்குப் பக்கத்தில், நீளமாக இருப்பது பி.

பெடல் ஹார்ப்பில் ஒரு பெடலை மிதித்தால் எல்லா ஸ்தாயியிலும் அந்த ஸ்வரம் மாறிவிடும். இங்கே அப்படி இல்லை. 34 தந்தி ஹார்ப்பில் ஒரே ஸ்வரத்துக்கு நாலைந்து லீவர் இருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தூக்க வேண்டும். கீழ் ஸ்தாயியில் ஒன்றை மறந்துவிட்டு, இடது கை அங்கே போகும்போதுதான் பலர் திடுக்கிடுகிறார்கள். ஆனால் இதிலேயே ஒரு அருமையான வசதியும் உண்டு: ஒரு ஸ்தாயியில் எஃப் ஷார்ப்பும் இன்னொன்றில் சாதாரண எஃப்பும் வைத்துக்கொள்ளலாம். பெடலில் அது முடியாது.

மைனர் பாட்டுகளில் ஸ்கேலுக்கு உரிய லீவரோடு நின்றுவிடாதீர்கள். டி ஹார்மோனிக் மைனருக்கு (ஏழாவது ஸ்வரம் அரை ஸ்வரம் ஏறிய மைனர் ஸ்கேல்) எஃப் மேஜரின் அமைப்போடு சி லீவரும் மேலே போக வேண்டும். நடுவில் சாதாரண சி வந்தால் அந்த இடத்தில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். அதை நோட்டேஷனிலேயே பென்சிலால் குறித்து வையுங்கள்.

லீவர் கீழே இருக்கையில் சுருதி சரியாக இருந்து, தூக்கியதும் விலகுகிறதா? தந்தியை முறுக்கிச் சரிசெய்யாதீர்கள், கீழ்நிலைச் சுருதியும் கெட்டுவிடும். முதலில் லீவர் முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் தந்தி இரையும். முழுதாக ஏறியும் விலகினால் லீவரைத்தான் சீராக்க வேண்டும். அந்த வேலையை ஹார்ப் டெக்னீஷியனிடம் விடுங்கள்.