மழையில் ஓடும் பைக்கை வீட்டிலேயே கவனித்துக்கொள்வது

பைக் கையேட்டில் இருக்கும் பராமரிப்பு அட்டவணை கிலோமீட்டரைத்தான் சொல்லும். மழையும் தூசியும் உள்ள இடங்களில் இன்னும் அடிக்கடி பாருங்கள் என்ற வரி அதன் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. ஆகவே இங்கே அந்தப் பொடி எழுத்துதான் அட்டவணை. இந்தக் குறிப்புகள் 2பி உரிமத்தில் ஓட்டும் 200 சிசி வரையிலான செயின் பைக்குகளுக்கானவை. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு செயின் பகுதி பொருந்தாது, மற்றதில் பெரும்பாலானது பொருந்தும்.

செயின்

கவனிப்பில் பாதி இங்கேதான். ஓ-ரிங் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஊசியைச் சுற்றி உள்ளே இருக்கும் கிரீஸை ரப்பர் வளையம் காக்கிறது. வெளியே இருக்கும் ரோலருக்கும் தகட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு மணி நேரம் மழையில் ஓட்டினால் மேலே பூசியது கழுவிப் போய்விடும், மறுநாள் காலையில் செம்பழுப்பாகத் துரு தெரியும். அதனால் செயினைச் சுத்தம் செய்து லூப் (மசகு எண்ணெய்) அடிப்பதை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதோடு, நன்றாக நனைந்த ஒவ்வொரு நாளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தியவுடன் செயின் சூடாக இருக்கும்போதே செய்தால் லூப் உள்ளே இறங்கும்.

நடு ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, என்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் செயின் துடைக்கிறவர்கள் உண்டு. துணியோடு சேர்ந்து விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்துக்குள், போவது அப்படித்தான். அழுக்கை எடுக்க மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் ஓ-ரிங்கைக் கெடுக்கும், கம்பி பிரஷ் அதைக் கிழிக்கும். துணியால் ஈரம் போகத் துடைத்தபின், செயினின் கீழ்ப்பக்க ஓட்டத்தில் உட்புறமாக லூப் அடியுங்கள். சுழலும்போது அது வெளிப்பக்கம் பரவிக்கொள்ளும். இரண்டு முழுச் சுற்று போதும். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் மணலோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும், டயரிலும் தெறிக்கும்.

தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பல மாடல்களில் 25 முதல் 35 மில்லிமீட்டர். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் நடுவில், கீழ்ச் செயினை மேலும் கீழும் தள்ளி மொத்த அசைவை அளவுகோலால் அளங்கள். சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தொய்வு என்றால் செயின் சீரில்லாமல் நீண்டிருக்கிறது. அப்போது மிக இறுக்கமான இடத்தை வைத்தே அளவை அமைக்க வேண்டும்.

தொய்வு அதிகமென்றால் செயின் அடிக்கும், மோசமானால் கழன்றே போகும். இது எல்லாருக்கும் தெரியும். இறுக்கம் அதைவிடக் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. பின்னால் ஆள் ஏறினாலோ, உணவுப் பெட்டியை நிரப்பினாலோ, ஸ்விங் ஆர்ம் மேலெழுந்து செயின் இன்னும் இறுகும். அந்த இழுவை கியர்பாக்ஸின் வெளிஷாஃப்ட் பேரிங்கில் விழும். செயின் விலை ஒரு கணக்கு, என்ஜினைப் பிரிக்கும் கூலி வேறு கணக்கு.

சரிசெய்ய, ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவாகக் கால் திருப்பு, கால் திருப்பாகத் திருகுங்கள். இருபக்கக் கோடுகளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு ஆக்சிலை இறுக்கியபின் தொய்வை மறுபடி அளங்கள். நட்டை இறுக்கும்போதே அளவு சற்று மாறுவது வழக்கம்.

மாற்றும் நேரம் எப்போது? பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. பல் அலைபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் அப்படியே. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சில மாதத்தில் தின்றுவிடும். கிளிப் வைத்த இணைப்பு என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

என்ஜின் ஆயில்

இந்த பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி வேலை செய்கிறது. அதனால் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி டப்பாவில் இருக்க வேண்டும். எரிபொருள் மிச்சம் என்று விற்கும் கார் ஆயிலில் வழுக்கும் சேர்மானம் இருக்கும், கிளட்ச் நழுவும். பெரும்பாலான 150 சிசி வண்டிகளுக்கு 10டபிள்யூ-40, ஏறக்குறைய 1 லிட்டர். சரியான அளவு என்ஜின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும்.

மூன்று நான்கு நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணையுங்கள். வடிகால் போல்ட்டைக் கழற்றி முழுதும் வடிந்தபின், புது வாஷர் போட்டு மூடுங்கள். போல்ட்டை ஆவேசமாக இறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். ஆயில் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து மூன்று நிமிடம் கழித்து, வண்டியை நிமிர்த்தி வைத்து அளவு பாருங்கள். நாள் முழுக்க நின்று நின்று ஓடும் டெலிவரி வண்டிக்கு 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது நல்லது.

அதிகம் ஊற்றுவதும் தவறுதான்: மிச்சம் மூச்சுக்குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்குப் போய் ஃபில்டரை நனைக்கும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் மூடியின் உட்புறம் மட்டும் இப்படித் தெரிந்தால் வெறும் ஆவி, நீண்ட ஓட்டத்தில் போய்விடும். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலண்டும் குறைந்துகொண்டே போனால் வாட்டர் பம்ப் சீலைச் சந்தேகப்படுங்கள்.

பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது குற்றம், அதோடு தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கின் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. டப்பாவில் அடைத்து வொர்க்ஷாப்பில் கொடுங்கள். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் வொர்க்ஷாப்புகளுக்குப் பஞ்சமில்லை.

பிரேக், டயர், ஏர் ஃபில்டர்

பேடில் இருக்கும் தேய்மானக் கோடு மறைந்தாலோ, லைனிங் 1 மில்லிமீட்டருக்கு வந்தாலோ மாற்றிவிடுங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். லீவர் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று. ஒருபக்கப் பேட் மட்டும் தேய்ந்தால் பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு ஊசி துருப்பிடித்து நகராமல் நிற்கிறது, கழற்றிச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். எண்ணெய் தோய்ந்த காகித ஏர் ஃபில்டரைக் கழுவவோ ஊதவோ கூடாது, அழுக்கானால் மாற்றுவதுதான். நுரைப் பஞ்சு ஃபில்டரைக் கழுவி எண்ணெய் பிழிந்து போடலாம்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால்

முதலில் கௌரவம் பார்க்காமல் என்ஜினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்சைப் பாருங்கள். அடுத்து சைடு ஸ்டாண்டு, நியூட்ரல் விளக்கு, கிளட்ச் லீவர். இவற்றிலேயே பாதி வண்டிகள் கிளம்பிவிடும்.

பட்டனை அழுத்தும்போது டக் டக் என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினலில் வெள்ளைப் பூஞ்சைபோலப் படிந்திருக்கும் உப்பு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். என்ஜின் வேகமாக ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 13ஐத் தாண்டாவிட்டால் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டரோ, அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெக்டிஃபையரோ போயிருக்கும். 15ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர்தான், அப்படியே ஓட்டினால் பேட்டரி வெந்துவிடும். பேட்டரி மாற்றியும் இரண்டு மாதத்தில் இறங்குகிறது என்றால் புதுப் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் இந்த அளவை எடுங்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பற்றவில்லை என்றால், சாவியைத் திருப்பியதும் தொட்டிப் பக்கம் இரண்டு விநாடி பம்ப் முனகுகிறதா என்று கேளுங்கள். முனகல் இல்லையென்றால் ஃபியூஸ். முனகல் இருந்தால் ஸ்பார்க் பிளக். என்ஜின் ஆறியபின் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு நல்லது. காய்ந்த கரி என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். வெள்ளையாக வெந்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. புதுப் பிளக்கைக் கையால் முழுதும் திருகி, அதன்பின் ஸ்பேனரால் அரைத் திருப்பு மட்டும்.

மழைக்குப் பின் மட்டும் இடக்குப் பண்ணும் வண்டிக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று பிளக் கேப். இருட்டில் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் வயரிலிருந்து நீலப்பொறி கசிவது தெரியும். காயவைத்து உள்ளே மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். இன்னொன்றைப் பலரும் பார்ப்பதே இல்லை. பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறது. அது அடைத்தால், திறந்தவெளியில் நிற்கும் வண்டியில் மூடியைத் திறக்கும்போது தேங்கிய நீர் தொட்டிக்குள் வழியும். மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். இருபது நிமிடம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் மறுபடி கிளம்பினால், அடைத்திருப்பது மூடியின் காற்றுத்துளை.

காஸ்வே வரிசை

ஜொகூருக்குப் போகும் 1,056 மீட்டர் பாலத்தில் வரிசை நகராத நாளில், காற்றால் குளிரும் என்ஜினுக்கு அந்தக் காற்றே கிடைக்காது. இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் அணைத்துவிடுங்கள். அரைக் கிளட்சில் ஊர்ந்துகொண்டே இருப்பது தட்டுகளை எரிக்கும். கிளட்ச் லீவர் முனையில் ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். ரேடியேட்டர் வண்டியில் விசிறி சுழலும் சத்தம் வராமலே வெப்ப விளக்கு எரிந்தால், ஓரம் கட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம். ஆறியபின் ஃபியூஸையும் கூலண்ட் அளவையும் பாருங்கள்.

நனைந்த வண்டிக்கு உடனே உறை போடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். மூன்று ஆண்டு தாண்டிய பைக்குக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்பே பிரேக் விளக்கு, ஹார்ன், டயர், செயின், ஸ்டியரிங் பேரிங் ஐந்தையும் பார்த்துவிடுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நேராக நிற்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றால் பேரிங் போய்விட்டது.